பேசி எழுதலாம், கேட்டுப் படிக்கலாம்: கணினியின் அணுகல் வசதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கட்டு வலியால் சில மாதங்கள் விசைப்பலகையைத் தொட முடியாமல் போனபோதுதான் பேசி எழுதப் பழகினேன். அப்புறம் தெரிந்தவர்களுக்கு, அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு என்று பலருடைய கணினியில் இந்த வசதிகளை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேசினா டைப் ஆகுமாமே, அதுக்குத் தனியா ஏதாவது வாங்கணுமா?

வேண்டாம். உங்கள் கணினியிலேயே இருக்கிறது. விண்டோஸ் 11 என்றால் எழுத வேண்டிய இடத்தில் கர்சரை வைத்துவிட்டு, விண்டோஸ் விசையோடு எச் விசையை அழுத்துங்கள். சின்னதாக ஒரு மைக் பட்டை வரும். பேசுங்கள், எழுத்து விழும். இதற்கு இணைய இணைப்பு வேண்டும்.

எந்தக் கணினியானாலும் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸ் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அங்கேயும் இதே வேலை நடக்கும்.

வாய்ஸ் டைப்பிங், வாய்ஸ் ஆக்சஸ், நரேட்டர்... எல்லாம் ஒண்ணுதானே?

மூன்றும் வேறு வேறு. அதிகமான குழப்பம் இங்கேதான். வாய்ஸ் டைப்பிங் நீங்கள் சொல்வதை எழுதும், அவ்வளவுதான். வாய்ஸ் ஆக்சஸ் நீங்கள் சொல்வதைச் செய்யும்: செயலியைத் திறக்கும், பொத்தானை அழுத்தும், பக்கத்தை நகர்த்தும், கூடவே எழுதவும் செய்யும். நரேட்டர் திரையில் இருப்பதை உங்களுக்குப் படித்துக் காட்டும். முதல் இரண்டிலும் பேசுவது நீங்கள், மூன்றாவதில் பேசுவது கணினி.

மேக் கணினியில் இதே மூன்று வேலைகளுக்கு டிக்டேஷன், வாய்ஸ் கண்ட்ரோல், வாய்ஸ்ஓவர் என்று பெயர். வாய்ஸ்ஓவர் 2005-இலேயே வந்துவிட்டது. வாய்ஸ் கண்ட்ரோல் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பில் சேர்ந்தது.

எனக்கு எது தேவைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நோயின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த அசைவு கஷ்டம், எந்த அசைவு சுலபம் என்று பாருங்கள். ஒரே நோய் உள்ள இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஏற்பாடு தேவைப்படுவதை நேரில் பார்த்திருக்கிறேன். தட்ட முடியும், ஆனால் சேர்ந்தாற்போல் ரொம்ப நேரம் முடியாது என்பவருக்கு வாய்ஸ் டைப்பிங் போதும். மவுஸையே பிடிக்க முடியாது என்றால் வாய்ஸ் ஆக்சஸ். கை நடுக்கம் மட்டும்தான் என்றால் பேசவே தேவையில்லாத ஏற்பாடு ஒன்று இருக்கிறது, கீழே வருகிறது.

விண்டோஸ் விசையோடு யூ விசையை அழுத்தினால் அணுகல்தன்மை அமைப்புகள் திறக்கும். பார்வை, கேட்டல், இயக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதையும் திரும்ப அணைத்துவிடலாம், கணினி கெட்டுப்போகாது.

தமிழ்ல பேசினா தமிழ்லயே எழுதுமா?

எழுதும். கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழை 2017 ஆகஸ்டில் சேர்த்தது. கூகுள் டாக்ஸில் மைக் படத்துக்கு மேலே இருக்கும் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் முதலில் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்க்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தித் தமிழுக்கு மாறிவிட்டு மைக் பட்டையைத் திறக்க வேண்டும். "தமிழ் வரவில்லை" என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த மாற்றத்தைத்தான் மறந்திருப்பார்கள்.

நிறுத்தக்குறி ஒரு சிக்கல். கூகுள் டாக்ஸில் தமிழில் பேசும்போது "முற்றுப்புள்ளி" என்று சொன்னால் பெரும்பாலும் அந்தச் சொல்லே எழுத்தாக விழும். நான் ஒரு பத்தியைப் பேசி முடித்துவிட்டு, புள்ளியையும் காற்புள்ளியையும் கையால் வைக்கிறேன். கையால் முடியாதவர்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் "புள்ளி வைக்க" என்பது போல வேறெங்கும் வராத ஒரு தொடரைச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் தேடி மாற்றும் வசதியால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் புள்ளியாக மாற்றிவிடலாம்.

எழுதுது, ஆனா ல, ள, ழ எல்லாம் மாறி மாறி வருதே?

ஒற்றைச் சொல்லாகச் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். "வலி" என்று மட்டும் சொல்லுங்கள். வலியா, வழியா, வளியா என்று கணினி தடுமாறும். "கை வலிக்கு என்ன வழி" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டும் சரியாக வரும். காரணம் இதுதான்: உங்கள் உச்சரிப்பை மட்டும் வைத்து அது முடிவெடுப்பதில்லை. காதில் விழுந்த ஒலிக்கு எந்தெந்தச் சொற்கள் பொருந்தும், அவற்றில் எது முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்ந்து வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. நாமும் இரைச்சலில் ஒருவர் பேசுவதை அப்படித்தான் ஊகித்துப் புரிந்துகொள்கிறோம். ஆகவே தயங்கித் தயங்கிச் சொல்லாமல், முழு வாக்கியத்தை மனதில் அமைத்துக்கொண்டு ஒரே சீராகச் சொல்வதுதான் முதல் பயிற்சி.

தமிழுக்கென்று கூடுதல் சிரமம் ஒன்று உண்டு. "போ" என்ற ஒரு வினையே போனேன், போகிறவர்களுக்கெல்லாம், போயிருக்கலாமோ என்று எத்தனையோ உருவம் எடுக்கிறது. நீண்ட சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பதில் கணினி அடிக்கடி சறுக்கும். க், ச், த், ப் சந்தியையும் விட்டுவிடும். "தமிழில் பேசிப் பார்த்தேன்" என்றால் "பேசி பார்த்தேன்" என்று வரும். இதையெல்லாம் பேசும்போதே திருத்தப் போகாதீர்கள், சிந்தனை அறுந்துவிடும். முழுவதையும் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரே நடையாகத் திருத்துங்கள்.

பேச்சுத் தமிழ்ல பேசலாமா, இல்ல மேடைப் பேச்சு மாதிரி பேசணுமா?

இரண்டும் ஏறும். ஆனால் என்ன பேசுகிறீர்களோ அதுதான் எழுத்தில் வரும். "வந்துட்டாங்க" என்பதை அது "வந்துவிட்டார்கள்" என்று மாற்றித் தராது. நண்பருக்குச் செய்தி என்றால் அப்படியே விடலாம். கடிதம், கட்டுரை என்றால் எழுத்துத் தமிழில் பேசிப் பழக வேண்டும். முதல் வாரம் கூச்சமாக இருக்கும், போகப்போக வாய் பழகிவிடும். இன்னொருவர் அருகில் இருந்தால் எனக்கு இன்றும் சரளம் குறைகிறது, அதனால் தனியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

"ஃபைலைத் திற"ன்னு தமிழ்ல சொன்னா திறக்குமா?

திறக்காது. வாய்ஸ் ஆக்சஸ் அறிந்த மொழிகளில் தமிழ் இல்லை. தமிழில் எழுத முடிகிறது, தமிழில் ஏவ முடியவில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் இடைவெளி. கை அறவே அசையாத ஒருவருக்கு எழுதுவதைவிட ஏவுவதுதான் முதல் தேவை.

ஆனால் ஆங்கிலம் தெரியாது என்பதற்காக இதைக் கைவிட வேண்டாம். ஆங்கிலத்தில் இந்திய உச்சரிப்பையே தேர்ந்தெடுக்கலாம். தேவையான கட்டளைகளும் சொற்பம். "ஓப்பன்", "கிளிக்", "ஸ்க்ரோல் டவுன்", "ஷோ நம்பர்ஸ்", பேச்சைக் கேட்பதை நிறுத்த "வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்", மறுபடி தொடங்க "வாய்ஸ் ஆக்சஸ் வேக் அப்". பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பெரியவருக்கு இவற்றைத் தமிழ் எழுத்தில் பெரிதாக ஒரு அட்டையில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் அட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "ஷோ நம்பர்ஸ்" என்றால் திரையில் அழுத்தக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் தோன்றும், எண்ணைச் சொன்னால் அது அழுத்தப்படும். பொத்தானின் ஆங்கிலப் பெயரைப் படிக்கவே வேண்டாம். எண்ணும் விழாத இடம் என்றால் "ஷோ கிரிட்". திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும், ஒரு கட்டத்தின் எண்ணைச் சொன்னால் அது மறுபடி ஒன்பதாகும். இப்படிச் சுருக்கிச் சுருக்கி ஊசி முனை அளவு இடத்தையும் தொட்டுவிடலாம்.

பொத்தான் மேல "அனுப்பு"ன்னோ "சென்ட்"னோ எழுதியிருக்கு, அதைச் சொன்னாலும் சில பக்கங்கள்ல அழுத்த மாட்டேங்குதே?

தமிழ்ப் பொத்தான் என்றால் காரணம் மேலே சொன்னதுதான். ஆங்கிலப் பொத்தானுக்கும் இப்படி நடந்தால், குறை அந்தப் பக்கத்தைச் செய்தவருடையது. கண்ணுக்குத் தெரியும் பெயர் ஒன்று, உள்ளே நிரலில் கொடுத்திருக்கும் பெயர் வேறொன்று. குரல் மென்பொருள் உள்ளே இருக்கும் பெயரைத்தான் தேடும். 2018-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் நெறி, வெளியே தெரியும் பெயர் உள்பெயரிலும் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது, விதி எண் 2.5.3. தளம் செய்கிறவர்களுக்கு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். அதுவரை "ஷோ நம்பர்ஸ்".

பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ் ஸ்பீச் ரெகக்னிஷன்னு ஒண்ணு இருந்ததே, அது எங்க போச்சு?

விஸ்டா காலத்தில், 2007-இல் வந்தது அது. விண்டோஸ் 11-இல் அதன் இடத்தை வாய்ஸ் ஆக்சஸ் எடுத்துக்கொண்டது. பழையதைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களிடம் பழையதுதான் இருக்கும். அதுவும் தமிழ் அறியாது.

எந்த மாதிரி மைக் நல்லது?

மைக்கின் தரத்தைவிட அது வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மடிக்கணினியின் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். யுஎஸ்பியில் செருகும் சாதாரண ஹெட்செட்டே போதும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டோரமாக இரண்டு விரல் தள்ளி வையுங்கள், மூச்சுக் காற்று மோதாது. ஹெட்செட்டைத் தானாக மாட்டிக்கொள்ள முடியாதவர்களுக்கு மேசை மைக்.

கை நடுங்குது, ஒரு எழுத்தைத் தொட்டா அஞ்சாறு விழுது. பேசாம கீபோர்டுலயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், அதுவும் அருமையாக. இதன் பெயர் ஃபில்டர் கீஸ். நடுக்கமுள்ள ஒருவர் "அம்மா" என்று அடிக்க உட்கார்ந்தார், திரையில் "அஅஅஅம்ம்ம்ம்" என்று ஓடியது. அணுகல்தன்மை அமைப்பில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் ஃபில்டர் கீஸை இயக்கி, ஒரே விசை அடுத்தடுத்து விழுந்தால் கண்டுகொள்ளாதே என்று வைத்தேன். இடைவெளியை அவர் கைக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். நான்காவது முயற்சியில் "அம்மா" என்று சுத்தமாக விழுந்தது. அந்த வரியை அழிக்க வேண்டாம் என்றார், அப்படியே சேமித்து வைத்தோம்.

ஒரு கையால் மட்டும் அடிப்பவர்களுக்கு ஸ்டிக்கி கீஸ்: ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும், சேர்த்துப் பிடிக்க வேண்டாம். மவுஸ் கீஸ் என்பது எண் விசைகளால் கர்சரை நகர்த்துவது. இவை விண்டோஸ் 95 முதலே இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ட்ரேஸ் மையம் செய்த வேலையிலிருந்து வந்தவை. இத்தனை காலம் எல்லோருடைய மேசையிலும் இருந்தும் தேவைப்படுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கிறது.

ஷிஃப்டை அஞ்சு தடவை அழுத்தினா ஏதோ கேக்குதே, அதை எப்படி நிறுத்தறது?

அதுதான் ஸ்டிக்கி கீஸ். அதே விசைப்பலகைப் பகுதியில் அதன் குறுக்குவழியை மட்டும் அணைத்துவிடலாம். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியானால் அணைக்கும்முன் மற்றவர்களைக் கேட்டுவிடுங்கள்.

அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கிட்டே வருது. ஸ்கிரீன் ரீடர் போட்டுக் கொடுக்கலாமா?

கொஞ்சம் பார்வை இருக்கும்போதே முழுத் திரையையும் படிக்கும் மென்பொருளைத் திணித்தால் மிரண்டுவிடுவார். முதலில் எழுத்தளவு, கருப்புப் பின்னணி, உருப்பெருக்கி இவற்றைப் பாருங்கள். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும், எஸ்கேப் சேர்த்தால் பழைய நிலைக்கு வரும்.

பார்வை மேலும் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இருக்கும்போதே திரைவாசிப்பானையும் மெல்லப் பழகுவது நல்லது. நரேட்டர் கணினியிலேயே உண்டு: விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றும் சேர்த்து. அன்றாட வேலைக்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பேன். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும், கரகரப்பாக இருக்கும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தால் "வள்ளுவர்" என்ற குரல் கிடைக்கும், அது காதுக்கு இதம். சட்டென்று பேச்சை நிறுத்த கண்ட்ரோல் விசையைத் தட்டினால் போதும். முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியது இந்த ஒரு விசையைத்தான், அது தெரியாமல் பயந்து விட்டவர்கள் நிறையப் பேர்.

என்விடிஏ சில தமிழ்ப் பக்கங்களை நல்லாப் படிக்குது, சில பிடிஎஃப்ல மட்டும் ஆங்கில எழுத்தா உளறுதே?

அந்தக் கோப்பு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கண்ணுக்கு "அம்மா" என்று தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பானுக்கு வடிவம் தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உரையை நகலெடுத்து, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்து, யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றுமே படிக்காமல் அமைதியாக இருந்தால் அது வெறும் படம், அதாவது ஸ்கேன் செய்தது. அதற்கு டெஸராக்ட் போன்ற எழுத்துணரி வேண்டும், அது தமிழ் அறியும். அலுவலகக் கோப்புகள் தயாரிக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: யூனிகோடில் அடியுங்கள். அப்படி இல்லாத கோப்பு பார்வையற்ற ஒருவருக்கு வெற்றுத்தாள்.

பார்வையும் இல்லை, தட்டவும் முடியாது. படிக்கறதும் பேசி எழுதறதும் சேர்ந்து நடக்குமா?

நடக்கும், ஆனால் ஹெட்செட் கட்டாயம். ஒலிபெருக்கியில் கணினி பேசினால் அதன் குரலையே மைக் வாங்கி எழுதத் தொடங்கிவிடும்.

எங்க வீட்டுல ஒருத்தருக்குப் பேச்சுக் குளறும், வெளியாளுக்கே புரியாது. கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியும்?

பொதுவான மென்பொருள்கள் தெளிவான பேச்சைக் கேட்டே பழகியவை, அதனால் இங்கே தோற்கின்றன. இதை மாற்ற கூகுள் 2019-இல் யூபோனியா திட்டத்தை அறிவித்தது. இல்லினாய் பல்கலைக்கழகம் 2022-இல் இத்தகைய குரல்களைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஐந்தும் அதற்குத் துணை நிற்கின்றன.

இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. நீளமாகப் பேசி எழுதுவது வராவிட்டாலும், கட்டளைகளில் அவர் வாயில் தெளிவாக வரும் நான்கைந்தைக் கண்டுபிடியுங்கள். அவற்றை வைத்தே நிறைய நடத்தலாம். அதுவும் முடியாதென்றால் குரலையே பிடித்துத் தொங்க வேண்டாம். கண் அசைவால் இயக்குவது, ஒற்றைப் பொத்தானால் இயக்குவது என்ற வழிகள் இருக்கின்றன. விண்டோஸ் 10-இல் 2017-இலேயே கண்வழி இயக்கம் வந்துவிட்டது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

நான் பேசறதெல்லாம் வெளியே யாருக்காவது போகுதா?

எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் வாய்ஸ் டைப்பிங்கும் கூகுள் டாக்ஸும் உங்கள் குரலை இணையம் வழியாக அனுப்பித்தான் எழுத்தாக்குகின்றன. வாய்ஸ் ஆக்சஸ் மொழிக் கோப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டபின் கணினிக்குள்ளேயே வேலை செய்யும்.

நோயாளி விவரம், வழக்கு விவரம் போன்றவற்றைத் தமிழில் எழுத்தாக்க வேண்டும் என்றால் விஸ்பர் இருக்கிறது. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது, தமிழும் அறியும், இணையமே இல்லாமல் உங்கள் கணினியில் ஓடும். ஒரு எச்சரிக்கை: ஒலிப்பதிவில் நீண்ட மௌனம் இருந்தால், யாரும் பேசாத வாக்கியத்தை அதுவே எழுதிவிடும். முக்கியமான பதிவை ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

பாஸ்வேர்டையும் வாய்விட்டுச் சொல்லணுமா?

சொல்லவே கூடாது. முகமோ கைரேகையோ கொண்டு உள்ளே போகும் வசதியை அமைத்துக்கொள்ளுங்கள். இணையதளங்களுக்குக் கடவுச்சொல் காப்பகம் வையுங்கள், அதுவே நிரப்பிவிடும்.

கை வலிக்காகப் பேச ஆரம்பிச்சேன், இப்ப தொண்டை வலிக்குது. என்ன பண்றது?

எனக்கும் நடந்தது. கணினிக்குப் புரிய வேண்டுமே என்று உரக்க, ஒரே சுருதியில், ஒவ்வொரு சொல்லாக வெட்டி வெட்டிப் பேசுவதுதான் காரணம். 1990-இல் வந்த டிராகன் டிக்டேட் என்ற பேசி எழுதும் மென்பொருளின் காலத்தில் அப்படித்தான் பேச வேண்டியிருந்தது. 1997-இல் அதன் அடுத்த வடிவமான நேச்சுரலி ஸ்பீக்கிங் வந்ததிலிருந்து அந்தத் தேவை போய்விட்டது. இயல்பான குரலில், சத்தம் கூட்டாமல் பேசுங்கள். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஒரு வாரமாகியும் கரகரப்பு போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கையிடமிருந்து எடுத்த பாரம் முழுவதையும் தொண்டைமேல் ஏற்றாமல், இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுங்கள்.

பேசியே புரோகிராம் எழுத முடியுமா?

முடியும். டாலன் என்ற மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எழுத்துக்கு ஒரு குறுஞ்சொல், அடைப்புக்குறிக்கு ஒரு சொல் என்று தனி அகராதியையே பழக வேண்டும். சில வாரங்கள் பொறுமை வேண்டும், ஆங்கிலம்தான். கை போனதால் வேலையே போய்விடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எனக்குக் காது கேக்காது. மத்தவங்க தமிழ்ல பேசறதை எழுத்தா பாக்க முடியுமா?

விண்டோஸ் 11-இல் லைவ் கேப்ஷன் உண்டு, விண்டோஸ், கண்ட்ரோல், எல். ஆங்கிலத்துக்கு நன்றாக இருக்கும். தமிழுக்கு நான் செய்து கொடுப்பது வேறு: கூகுள் டாக்ஸில் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து, எழுத்தளவை 40-க்கு ஏற்றி, பேசுகிறவர் முன் மைக்கை வைத்துவிடுவது. எதிரே உட்கார்ந்து படிக்கலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்பும், பேச்சு நின்றால் மைக்கும் அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். இருந்தாலும் மருத்துவர் அறையில் இது போதுமானதாக இருந்திருக்கிறது.

தமிழ் இன்னும் நல்லா வரணும்னா நாம ஏதாவது செய்ய முடியுமா?

குரல் கொடுக்கலாம். மொஸில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும், அல்லது பிறர் படித்ததைக் கேட்டுச் சரியா என்று சொல்ல வேண்டும். சேரும் குரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்து மென்பொருள் செய்யலாம். முதியவர்கள், பெண்கள், வெவ்வேறு வட்டார வழக்கு உள்ளவர்கள் படித்தால் மிகவும் பயன். அறையைச் சாத்திவிட்டு, ஹெட்செட்டோடு, செய்தி வாசிப்பவரைப் போலப் பாவனை செய்யாமல் உங்கள் சொந்தக் குரலிலேயே படியுங்கள்.